ஒரே 28, இரண்டு எஃகு: இஎன் 8 ஷாஃப்டுக்கு ஹார்டனிங், டெம்பரிங் முழுமையான வழிகாட்டி

16 மி.மீ. விட்டமுள்ள ஒரு இஎன் 8 ஷாஃப்ட்; இஎன் 8 என்பது சுமார் 0.40 சதவீதம் கார்பன் உள்ள சாதாரண எஃகு. வரைபடத்தில் 28 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவில் கடினம்) என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்த 28-ஐ இரண்டு வழியில் கொண்டுவரலாம். 845 டிகிரிக்குச் சூடாக்கி, தண்ணீரில் தோய்த்து, கடினம் 50-க்கு மேல் ஏறியதை அளந்து பார்த்துவிட்டு, 550 டிகிரியில் டெம்பர் செய்து, அதாவது மறுபடி அளவாகச் சூடாக்கி, 28-க்கு இறக்குவது ஒரு வழி. இன்னொரு வழி, அரைகுறையாகச் சூடாக்கியோ மெதுவாகக் குளிரவிட்டோ, தோய்த்த உடனேயே 30தான் வந்தது என்றால், அதை 300 டிகிரியில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு 28 என்று ரிப்போர்ட் எழுதுவது.

ராக்வெல் மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். இழுவிசை வலிமைகூட ஏறக்குறைய ஒன்றாகவே வரும். ஆனால் முதல் ஷாஃப்டில் நுண்ணிய கார்பைடு (இரும்பும் கார்பனும் சேர்ந்த கடினப் பொருள்) துகள்கள் சீராகப் பரவியிருக்கும். இரண்டாவதில் மெத்தென்ற ஃபெர்ரைட் (கார்பன் அனேகமாக இல்லாத இரும்பு) வலைபோல ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஷாஃப்ட் குறைந்த பாரத்திலேயே வளையத் தொடங்கும், அடி தாங்காது, திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும் இடத்தில் சீக்கிரம் விரிசல் விடும். ஆகவே கடைசியில் வரும் கடினத்தைவிட, தோய்த்தபின் டெம்பருக்கு முன் வரும் கடினமே முக்கியமான எண். பல பட்டறைகளில் அளக்காமல் விடுவதும் அதைத்தான்.

கீழே வரும் வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸில்.

உள்ளே நடப்பது

அறை வெப்பத்தில் இஎன் 8 இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று ஃபெர்ரைட். கிட்டத்தட்டச் சுத்த இரும்பு, மென்மையானது, கார்பனை உள்ளே விடாது. 727 டிகிரியில்கூட அது கரைத்துக்கொள்வது 0.02 சதவீதம் அளவுதான். மற்றது பியர்லைட். ஃபெர்ரைட்டும் சிமென்டைட் என்ற இரும்புக் கார்பைடும் மெல்லிய தகடுகளாக மாறி மாறி அடுக்கியிருப்பது. பியர்லைட்டில் 0.77 சதவீதம் கார்பன் இருக்கும். இஎன் 8-இல் மொத்தமே 0.36 முதல் 0.44 வரைதான் என்பதால், மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெள்ளையும் கறுப்பும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

சூடேற்றும்போது 727 டிகிரியில் பியர்லைட் ஆஸ்டெனைட்டாக, அதாவது கார்பனைக் கரைத்துக்கொள்ளும் வேறோர் அணு அடுக்காக, மாறுகிறது. ஃபெர்ரைட் அப்போதே மாறிவிடாது. வெப்பம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, 0.40 சதவீதக் கார்பன் எஃகில் 790 டிகிரி வாக்கில்தான் முழுவதும் மறைகிறது. அதற்கு மேல் ஒரு 50 டிகிரி சேர்த்து 830 முதல் 860 வரை என்று கையேடுகள் சொல்வதன் கணக்கு இதுதான்.

ஆஸ்டெனைட்டின் அணு அடுக்கில் கார்பன் உட்கார இடம் உண்டு. மெதுவாகக் குளிர்ந்தால் கார்பன் நகர்ந்து வெளியேறி, பழையபடி ஃபெர்ரைட்டும் பியர்லைட்டும் வந்துவிடும். நகர நேரமே கொடுக்காமல் குளிர்வித்தால் கார்பன் அகப்பட்டுக்கொண்டு அணு அடுக்கு ஒரு பக்கமாக நீண்டு இழுபடுகிறது. இதுதான் மார்ட்டென்சைட், ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரில் வழங்குவது. இஎன் 8-க்கு இது சுமார் 345 டிகிரியில் தொடங்கி, வெப்பம் இறங்க இறங்க வளர்கிறது. அதே வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் கூடாது. கூட வேண்டுமென்றால் இன்னும் குளிர வேண்டும். மாறும்போது கன அளவு ஏறத்தாழ 4 சதவீதம் வரை விரிகிறது. தோய்ப்பில் வரும் கோணலுக்கும் விரிசலுக்கும் இந்த விரிவு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மார்ட்டென்சைட்டின் கடினத்தை முடிவுசெய்வது அனேகமாகக் கார்பன் மட்டும்தான். 0.2 சதவீதத்துக்கு 45 எச்ஆர்சி வாக்கில், 0.4-க்கு 57 வாக்கில், 0.6-க்கு 63, 64. குரோமியம், நிக்கல், மாலிப்டினம் எல்லாம் சேர்ந்த இஎன் 24-இலும் கார்பன் அதே 0.40தான், தோய்த்தால் அதுவும் 57-ஐச் சுற்றியே நிற்கும். கலப்பு உலோகங்கள் கொடுப்பது ஆழம். மெதுவாகக் குளிர்ந்தாலும் கனமான துண்டின் நடுவரை மார்ட்டென்சைட் வரும். "இஎன் 24 ரொம்ப ஹார்டு" என்று கேட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த ஆழத்தைத்தான் கேட்கிறார்கள்.

உலைக்கு முன்

கையில் இருப்பது இஎன் 8தானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். மைல்டு ஸ்டீலும் இஎன் 8-உம் ஒரே ரேக்கில் கலந்து கிடப்பது எங்கும் நடப்பது. கிரைண்டரில் வைத்தால் மைல்டு ஸ்டீலின் பொறி நீளமாக, வைக்கோல் நிறத்தில், அதிகம் வெடிக்காமல் போகும். இஎன் 8-இல் நுனியில் கிளை பிரிந்து வெடிப்பது கூடுதலாகத் தெரியும். ஒரு சதவீதம் கார்பன் உள்ள இஎன் 31 என்றால் பொறி குட்டை, வெடிப்பு ஏராளம். தெரிந்த துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் இது பயன்படும். கண்ணின் நினைவை நம்பக் கூடாது. பொறியைப் பார்த்து 0.36-ஐயும் 0.44-ஐயும் பிரிக்க முடியாது, அதற்கு டெஸ்ட் சர்டிபிகேட் வேண்டும்.

உருட்டி வந்த கறுப்புக் கம்பியின் மேல் தோலில் கார்பன் ஏற்கெனவே எரிந்து போயிருக்கும். பக்கத்துக்கு ஒரு மி.மீ. அளவாவது கடைந்து எடுத்துவிட்டு ஹார்டனிங்குக்குக் கொடுங்கள். கூர்மையான உள்மூலைகளை 1 மி.மீ. ஆரம் கொடுத்து உருட்டுங்கள். சாவிக்காடி (கீவே) தண்ணீரில் வெடிக்கும் முதல் இடம். முடிந்தால் அதை டெம்பருக்குப் பிறகு வெட்டுங்கள். 28 எச்ஆர்சியைக் கார்பைடு டூல் சிரமமில்லாமல் வெட்டும். கிரைண்டிங்குக்கு விட்டத்தில் 0.4 முதல் 0.5 மி.மீ. மிச்சம் வையுங்கள்.

உலை மீட்டர் பொய் சொல்லும். வெப்பத்தை உணரும் தெர்மோகப்பிளின் நுனி கதவோரம் இருந்தால் ஒரு கணக்கு, ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் வேறொரு கணக்கு. காசில்லாத சோதனை ஒன்று உண்டு. வேலைத்துண்டு வைக்கும் இடத்தில் சிறிய பீங்கான் கிண்ணத்தில் சிட்டிகை சமையல் உப்பு வையுங்கள். உப்பு 801 டிகிரியில் உருகும். மீட்டர் 790 காட்டும்போது மணலாக இருந்து, 815-இல் நீராகிவிட்டால் மீட்டரை நம்பலாம். 840 காட்டியும் உருகவில்லை என்றால், இதுவரை உங்கள் ஷாஃப்டுகள் ஏன் 40-ஐத் தாண்டவில்லை என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

காந்தச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்தை விடும். பலர் காந்தம் ஒட்டாத நொடியே தோய்த்துவிடுகிறார்கள். அப்போது இஎன் 8-இல் ஃபெர்ரைட் இன்னும் மிச்சம் இருக்கிறது. காந்தம் விட்ட பிறகு இன்னொரு 70 டிகிரி ஏற்ற வேண்டும்.

நார்மலைசிங்

ஃபோர்ஜிங் செய்த துண்டுக்கும் வெல்டிங் பட்ட துண்டுக்கும் இது கட்டாயம். நல்ல உருட்டுக் கம்பிக்கு விட்டுவிடலாம், செய்தால் லாபம். 860 டிகிரியில் வைத்து, முழுவதும் சூடு ஏறிய பிறகு 20 நிமிடம் விட்டு, வெளியே எடுத்துக் காற்று வீசாத இடத்தில் தனித்தனியாக நிறுத்திவையுங்கள். குவியலாகப் போட்டால் நடுவில் இருப்பவை மெதுவாக ஆறி அனீலிங் ஆகிவிடும். கரடுமுரடான பழைய மணிகள் (எஃகுக்குள் இருக்கும் படிகங்கள்) உடைந்து, சிறிய, சீரான மணிகள் கிடைக்கும். கடினம் 152 முதல் 207 பிரினெலுக்குள் (இது இன்னொரு கடின அளவு), வலிமை 550 மெகாபாஸ்கலுக்கு மேல்.

முழு அனீலிங் என்பது அதே வெப்பத்திலிருந்து உலைக்குள்ளேயே ஆறவிடுவது. பியர்லைட் தகடுகள் தடிக்கும், எஃகு இன்னும் மெத்தென்றாகும். இஎன் 8-ஐக் கடைவதற்கு இது நல்லதல்ல. துகள் உடையாமல் இழுபடும், டூலில் ஒட்டும், பரப்பு கிழிந்ததுபோல வரும். கடைய நார்மலைசிங் போதும்.

ஹார்டனிங்

845 டிகிரி. உருவம் சிக்கலாக இருந்தால் 550-600 டிகிரியில் ஒருமுறை நிறுத்திச் சூடு சமமான பிறகு மேலே ஏற்றுங்கள்.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் சண்டை. மீட்டர் 845 தொட்ட நிமிடத்திலிருந்து எண்ணாதீர்கள். பார்வைத் துளை வழியே பாருங்கள்: முதலில் ஷாஃப்ட் உலைச் சுவரைவிடக் கறுப்பாகத் தெரியும், பிறகு சுவரின் நிறத்தில் கரைந்து, விளிம்பு எங்கே என்றே தெரியாமல் போகும். கடிகாரத்தை அந்த இடத்தில் தொடங்குங்கள். 16 மி.மீ. துண்டுக்கு அங்கிருந்து 15 முதல் 20 நிமிடம் போதும். 25 மி.மீ. கனத்துக்கு அரை மணி என்ற கணக்கில் கூட்டிக்கொள்ளலாம்.

நேரம் கூடினால் பெரிய கெடுதல் மேல்தோலில். காற்றுள்ள உலையில் கார்பன் எரிந்து, வெளிப்பரப்பு மெத்தென்றாகும். கவச வாயு இல்லாத பட்டறையில் துண்டை ஓர் இரும்புப் பெட்டிக்குள் காஸ்ட் அயர்ன் சீவல் நடுவே புதைத்துச் சூடாக்கலாம். சீவலில் உள்ள கார்பன் முதலில் எரியும், உங்கள் எஃகு தப்பும். ஆனால் பெட்டிக்கு உள்ளே சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும், அதைக் கணக்கில் சேர்க்க மறந்தால் நடுவில் 780-இலேயே நிற்கும். வெப்பம் கூடினால் கெடுதல் வேறு மாதிரி. 950 டிகிரிக்குப் போனால் ஆஸ்டெனைட் மணிகள் பெரிதாகி, தோய்ப்பில் விரிசலும் பிறகு உடையும்போது பளபளக்கும் கரடான முறிவும் வரும். "கொஞ்சம் கூடவே வைத்தால் நன்றாக ஏறும்" என்ற பழக்கம் இஎன் 8-ஐக் கெடுக்கிறது. கடினம் ஒரு புள்ளிகூட ஏறாது.

தோய்ப்பு

பட்டறைக் கொல்லர் துவைச்சல் என்பதும் இதுதான். இஎன் 8 போன்ற சாதாரணக் கார்பன் எஃகு 550 டிகிரிப் பக்கத்தில் பியர்லைட்டாக மாற மிக அவசரப்படும். அந்த இடத்தில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடி அளவுதான். அதனால் தண்ணீர். எண்ணெயில் இஎன் 8 சுமார் 10 மி.மீ. விட்டம் வரைதான் நடுவரை ஒழுங்காக மாறும். தண்ணீரில் 20 மி.மீ. வரை எதிர்பார்க்கலாம்.

தொட்டி அளவை யூகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம். ஒரு கிலோ எஃகு 845-இலிருந்து 50-க்கு இறங்கும்போது சுமார் 530 கிலோஜூல் வெப்பத்தை விடும். 10 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 42 கிலோஜூல் வேண்டும். ஆக கிலோவுக்கு 10 லிட்டர் இருந்தால் தண்ணீர் 13 டிகிரி ஏறும். காலையில் 27-இல் இருந்த தொட்டி மூன்று கிலோவுக்குப் பிறகு 60-ஐத் தாண்டிவிடும், கடைசித் துண்டுகளில் மெத்தென்ற திட்டுகள் வரும். தண்ணீர் 30-க்குக் கீழே இருக்கட்டும். எண்ணெய் இதற்கு நேர் எதிர். 50-70 டிகிரியில் இளகிய எண்ணெய்தான் நன்றாகக் குளிர்விக்கும், குளிர்ந்த எண்ணெய் தடித்து ஓடாது. எண்ணெய்த் தொட்டியில் பாதி முங்கிய நிலையில் துண்டை நிறுத்தக் கூடாது, பரப்பில்தான் தீப்பிடிக்கும். தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் நீராவி எண்ணெயைப் பொங்கி வெளியே தள்ளும். மூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

உலைக்கதவு திறந்ததிலிருந்து தண்ணீருக்குள் போக ஐந்து நொடி. தொட்டி உலையின் வாசலில் இருக்க வேண்டும். பட்டறையின் மறுகோடியில் இருந்தால் 16 மி.மீ. ஷாஃப்ட் வழியிலேயே நிறம் மங்கிவிடும். நீளமானதைச் செங்குத்தாக இறக்குங்கள். சாய்த்தால் முதலில் நனையும் பக்கம் முதலில் சுருங்கி, ஷாஃப்ட் வளையும்.

தண்ணீருக்குள் மூன்று கட்டம். முதலில் துண்டைச் சுற்றி நீராவிப் போர்வை. இதன் வழியே வெப்பம் மெதுவாகத்தான் போகும், சில நேரம் தண்ணீருக்குள்ளேயே சிவப்பு தெரியும். பிறகு போர்வை கிழிந்து பலமாகக் கொதிக்கும். அதிவேகக் குளிர்ச்சி இப்போதுதான். கடைசியில் கொதிப்பு நின்று சாதாரண ஓட்டத்தில் ஆறும். முதல் கட்டத்தைச் சுருக்குவதே நம் வேலை. மேலும் கீழுமாக விடாமல் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு பக்கம் மட்டும் அதிகம் குளிர்ந்து கோணும். தண்ணீரில் 5 முதல் 10 சதவீதம் உப்புச் சேர்த்தால், பரப்பில் படியும் உப்புத் துகள்கள் போர்வையை உடைத்துவிடும், திட்டுத்திட்டான மென்மை போய்விடும். துரு பிடிக்கும் என்பதால் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும்.

கொதிக்கும்போது இடுக்கி வழியாகக் கையில் ஒரு நடுக்கம் தெரியும். அது அடங்கி, சில நொடி கழித்துத் துண்டு 60-80 டிகிரியில் இருக்கும்போது வெளியே எடுங்கள். அறை வெப்பம் வரை தண்ணீரிலேயே கிடக்கவிட்டால் விரிசல் வாய்ப்பு கூடும். எடுத்ததும் ஒரு மணி நேரத்துக்குள் டெம்பர் உலைக்குப் போக வேண்டும். மாலையில் தோய்த்து, காலையில் டெம்பர் செய்யலாம் என்று வைத்த துண்டு இரவில் தானே "டப்"பென்று வெடிப்பது கதையல்ல. உள்ளே அகப்பட்ட இழுவிசைதான் காரணம்.

நடுவில் அளக்க வேண்டிய எண்

டெம்பருக்கு முன் ஒரு துண்டை, அல்லது அதே கம்பியில் வெட்டி அதே உலையில் வைத்த சோதனைத் துண்டை அளங்கள். மேல்தோலை 0.3 மி.மீ. வரை தண்ணீர் ஓடவிட்டுத் தேய்த்து எடுங்கள். நிறம் மாறும் அளவுக்குச் சூடேறினால் அங்கேயே டெம்பர் ஆகிவிட்டது, அந்த அளவு செல்லாது. வைரக் கூம்பு, 150 கிலோ பாரம், குறைந்தது மூன்று இடம். உருண்ட பரப்பில் அளந்தால் மெஷின் ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டும். விட்டம் சிறுக்கச் சிறுக்கப் பிழை கூடும். சிறிய தட்டைப் பரப்பு எடுத்து அளப்பது நல்லது.

முழு மார்ட்டென்சைட் என்றால் 55-ஐச் சுற்றி வரும். 50-க்கு மேல் ஏற்கலாம். 45-க்குக் கீழே என்றால் பாதிதான் மார்ட்டென்சைட். அதை டெம்பர் செய்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். இன்னொரு 0.3 மி.மீ. தேய்த்தபின் எண் சட்டென ஏறினால் மேல்தோல் கார்பன் இழந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வெப்பம் போதவில்லை, தோய்ப்பு மெதுவாகிவிட்டது, அல்லது எஃகே வேறு. இந்த மூன்றில் எது என்பதை மைக்ராஸ்கோப் சொல்லிவிடும்.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது

இதற்கு லட்ச ரூபாய்க் கருவி தேவையில்லை. 100 மடங்கும் 500 மடங்கும் காட்டும் உலோகவியல் மைக்ராஸ்கோப் போதும். தயாரிப்பில்தான் கை வேண்டும்.

துண்டைத் தண்ணீர் ஓடும் கட்-ஆஃப் சக்கரத்தில் வெட்டுங்கள். காய்ந்த சக்கரத்தில் வெட்டினால் பார்க்கப் போவது வெட்டியவர் உண்டாக்கிய அமைப்பை. பேக்கலைட்டில் சூடாக அழுத்திப் பதிப்பது 150 டிகிரிக்கு மேல் நடக்கும். டெம்பர் ஆகாத துண்டுக்கு அது ஆகாது, குளிரில் இறுகும் ரெசினில் பதியுங்கள். பிறகு 220, 400, 600, 800, 1000 எண் எமரித் தாள்கள், தண்ணீருடன். தாள் மாறும்போது துண்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் முழுதும் மறையும் வரை தேயுங்கள். கடைசியில் அலுமினா அல்லது வைரப் பசை வைத்துத் துணியில் கண்ணாடிபோல் மெருகு.

அரிப்புக்கு நைட்டால்: 98 மி.லி. எத்தனாலில் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம். அமிலத்தைத்தான் ஆல்கஹாலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இறுக்கி மூடிய புட்டியில் சேமிக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். அன்றைக்குத் தேவையானதைக் கலந்து, மிச்சத்தை நிறையத் தண்ணீரில் நீர்க்கச் செய்து அகற்றுங்கள். 5 முதல் 15 நொடி, பரப்பு லேசாக மங்கியதும் ஆல்கஹாலில் கழுவிச் சூடான காற்றில் உலர்த்துங்கள். அதிகம் அரித்தால் எல்லாமே கறுப்பு, மறுபடி மெருகுக்குப் போக வேண்டும்.

இனிப் படிப்பது. ஊசி ஊசியாக, நெருக்கமாகப் பின்னிய அமைப்பு என்றால் மார்ட்டென்சைட், வேலை சரி. அந்த ஊசிகளுக்கு நடுவே வெள்ளைத் தீவுகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் அது கரையாமல் நின்ற ஃபெர்ரைட். உலையில் வெப்பமோ நேரமோ போதவில்லை. வெள்ளை தீவாக இல்லாமல், மணிகளின் எல்லையை ஒட்டி மெல்லிய வலையாக ஓடினால் கதை வேறு: சூடு சரியாக ஏறியிருக்கிறது, குளிரும் வழியில் ஃபெர்ரைட் புதிதாகப் பிறந்திருக்கிறது. வலையோடு சேர்ந்து கறுப்பு உருண்டைகளும் இருந்தால் அது நுண்ணிய பியர்லைட்; இதுவும் மெதுவான தோய்ப்பின் அடையாளம். தீவு என்றால் உலையைத் திருத்து, வலை என்றால் தொட்டியைத் திருத்து. இந்த ஒரு வேறுபாடு தெரியாமல், தண்ணீரைக் குற்றம் சொல்லி உப்பைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் விரிசலில் முடிவதுண்டு. துண்டின் ஓரத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை தெரிந்தால் கார்பன் இழப்பு. பட்டையின் அகலத்தை அளந்து கிரைண்டிங் மிச்சத்தோடு ஒப்பிடுங்கள். ஓரமும் நடுவும் ஒரேபோல ஃபெர்ரைட் மிகுந்து, தோய்த்தும் மார்ட்டென்சைட் அரிதாக இருந்தால் மைல்டு ஸ்டீல் வந்து சேர்ந்திருக்கிறது.

டெம்பரிங்

தோய்த்த மார்ட்டென்சைட் கண்ணாடிக்குச் சமம். சூடாக்கினால் அகப்பட்ட கார்பன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். 200 டிகிரிக்குள் மிக நுண்ணிய கார்பைடு. 300-க்கு மேல் சிமென்டைட் உருவாகி, 500-600-இல் உருண்டைத் துகள்களாகத் திரள்கிறது. கடினம் இறங்க இறங்க அடி தாங்கும் தன்மை பொதுவாக ஏறுகிறது. முழுதும் மாறிய இஎன் 8-க்கு ஏறத்தாழ இப்படி வரும்:

200 டிகிரி – 52 எச்ஆர்சி
300 – 47
400 – 39
500 – 31
550 – 28
600 – 24

கார்பன் 0.36 பக்கமா 0.44 பக்கமா என்பதைப் பொறுத்து இரண்டு மூன்று புள்ளி அசையும். ஆகவே 28 வேண்டுமென்றால் நேரே 550-இல் வைக்காமல் 530-இல் தொடங்கி அளங்கள். இறக்குவது எப்போதும் முடியும். இறங்கியதை ஏற்ற மறுபடி ஹார்டனிங்தான். வெப்பத்தில் 20 டிகிரி செய்யும் மாற்றத்தை நேரத்தில் ஒரு மணி செய்யாது. சின்னத் துண்டானாலும் சூடு ஏறியபின் ஒன்றரை, இரண்டு மணி கொடுங்கள். 28 எச்ஆர்சி என்பது பிரினெலில் 270 வாக்கில், வலிமையில் சுமார் 900 மெகாபாஸ்கல். நார்மலைசிங் செய்த அதே கம்பியைவிட ஒன்றரை மடங்கு.

250 முதல் 400 வரை ஒரு பள்ளம். இங்கே கடினம் இறங்கினாலும் அடி தாங்குவது ஏறாது, குறையவும் செய்யும். எல்லைகளில் தகடாகப் படியும் சிமென்டைட் காரணம். அடி வாங்கும் பாகத்துக்கு இந்த இடத்தைத் தவிருங்கள். முதலில் சொன்ன "300-இல் காட்டிய" ஷாஃப்ட் இந்தப் பள்ளத்திலும் விழுந்திருக்கிறது.

நிறம் பார்த்து டெம்பர் செய்வது உளி, பஞ்ச் போன்ற கைக்கருவிகளுக்குச் சரி. தோய்த்த நுனியை எமரியால் வெளுப்பாக்கி, பின்பக்கச் சூடு நுனிக்கு ஓடிவரும்போது பார்த்தால் வெளிர் வைக்கோல் 220, பழுப்பு 255, ஊதா 280, நீலம் 300. சில நிமிடத்தில் முடியும் வேலைக்குத்தான் இந்தக் கணக்கு. 200 டிகிரியில் மணிக்கணக்காகக் கிடந்த துண்டும் பழுப்பாகத்தான் தெரியும். குரோமியம் கூடுதலான எஃகில் நிறம் வருவதே தாமதம். 550-க்கு நிறம் எந்த உதவியும் செய்யாது, சாம்பல்தான்.

விரிசல் வந்தால்

உடனே குப்பையில் போடாமல் விரிசலைத் திறந்து உள்சுவரைப் பாருங்கள். உள்ளே உலைச் செதில் படிந்து, சுவரை ஒட்டிக் கார்பன் இழப்பும் இருந்தால், அது கம்பியிலோ ஃபோர்ஜிங்கிலோ முன்பே இருந்த விரிசல். தண்ணீர் அதைத் திறந்து காட்டியது, அவ்வளவே. செதில் இல்லாமல் நீலமோ பழுப்போ மட்டும் இருந்தால் தோய்ப்பில் பிறந்து, டெம்பரில் நிறம் பெற்றது. எந்த நிறமும் இல்லாமல் பளிச்சென்று இருந்தால் எல்லாம் முடிந்தபின், கிரைண்டிங்கிலோ பொருத்தும்போதோ வந்தது. கிரைண்டிங் விரிசல் ஆழமில்லாமல், மெல்லிய வலையாகவோ சக்கரம் ஓடிய திசைக்குக் குறுக்காகவோ இருக்கும். பொருள் கொடுத்தவருக்கும் ஹார்டனிங் செய்தவருக்கும் கிரைண்டிங் செய்தவருக்கும் நடக்கும் வழக்கில் தீர்ப்பு இந்த நிறத்தில் இருக்கிறது.

வேறு எஃகுகள், சுருக்கமாக

ஷாஃப்ட் 40 மி.மீ. ஆகிவிட்டால் இஎன் 8-ஐத் தண்ணீரில் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். தோல் மாறும், நடு பியர்லைட்டாகவே நிற்கும். ஒரு சதவீதம் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் உள்ள இஎன் 19-ஐ எடுத்து 860-இலிருந்து எண்ணெயில் தோய்த்து, 600 வாக்கில் டெம்பர் செய்தால் 850 முதல் 1000 மெகாபாஸ்கல் நிம்மதியாக வரும். நிக்கல்-குரோமிய எஃகுகளை டெம்பர் செய்தபின் உலையிலேயே ஆறவிடாதீர்கள். 575-இலிருந்து 375 வரை மெதுவாகக் கடந்தால் பாஸ்பரஸ் போன்ற அசுத்தங்கள் மணி எல்லைகளில் சேர்ந்து எஃகு நொறுங்கும். மாலிப்டினம் இதைக் குறைக்கும்.

இஎன் 31-இல் ஒரு சதவீதம் கார்பன். இதை முழுவதும் கரைக்கப் பார்ப்பது தவறு. 820-840-இல் கொஞ்சம் கார்பைடு உருண்டையாகவே மிஞ்ச வேண்டும். உராய்வைத் தாங்குவது அதுதான். 900-க்கு ஏற்றினால் கார்பன் எல்லாம் ஆஸ்டெனைட்டுக்குள் போய், குளிர்ந்தபின்பும் மாறாத ஆஸ்டெனைட் நிறைய மிஞ்சும். கடினம் கூடுவதற்குப் பதில் குறையும், பிறகு நாளடைவில் அது மாறி அளவு பெருகும். எண்ணெயில் தோய்த்து 150-180-இல் டெம்பர், 60-62 எச்ஆர்சி. ஒருமுறை ஹார்டனிங் ஆன இஎன் 31 துண்டை அப்படியே மறுபடி சூடாக்கித் தோய்க்கக் கூடாது. இடையில் அனீலிங் செய்யாவிட்டால் விரிசல் அனேகமாக உறுதி.

வேலை அட்டையில் எழுதுவது

வெளியே ஹார்டனிங் கொடுக்கும்போது "28 எச்ஆர்சி" என்று மட்டும் எழுதினால் 28தான் வரும், எப்படி வந்தது என்பது வராது. இப்படி எழுதுங்கள்: இஎன் 8, விட்டம் 16 மி.மீ.; 845 டிகிரி, தண்ணீர்; தோய்த்தபின் டெம்பருக்கு முன் குறைந்தது 50 எச்ஆர்சி, அளவு ரிப்போர்ட்டில் தனியாக வர வேண்டும்; டெம்பர் 500-க்குக் குறையாமல், 2 மணி; இறுதி 26-30. கூடவே அதே கம்பியில் வெட்டிய 50 மி.மீ. துண்டு இரண்டைக் கம்பியால் கட்டிக் கொடுங்கள்: ஒன்று தோய்ப்போடு நின்று திரும்பி வர வேண்டும், மற்றது டெம்பர் வரை போய் வர வேண்டும்.